பயந்தாங்கொள்ளி

மகளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து இன்றோடு மூன்று நாள். மூன்று நாளாக அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தார்ப்பாயை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

வெட்டுவதற்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. அம்மா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். முன்னறையை அடைத்துக்கொண்டு பச்சையும் நீலமுமாகச் சுருள்கள். நடுவில் காலால் மிதிக்கிற பெரிய தையல் இயந்திரம். ஜன்னலோரம் பித்தளை வளையங்கள் போட்ட டப்பாக்கள். லாரிக்காரர்கள் அவளைத் தார்ப்பாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

சென்ற வாரம் டிப்போவில் நடந்ததைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. மகள் எரிபொருள் டேங்கர் ஓட்டுகிறாள். ஆறடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. அவளைக் குட்டி என்று கூப்பிடுவது அந்த வீட்டில் இன்னும் அலுக்காத வேடிக்கை. அவளுடைய வண்டியில், எரிபொருளை இறக்குகிற அடிவால்வு ஒழுகியது. பழுதுப் புத்தகத்தில் மூன்று முறை எழுதினாள். நான்காம் முறையும் அதே வண்டியில் லோடு ஏற்றச் சொன்னபோது, சாவியை மேலாளரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் வீட்டுக்குக் காகிதம் வந்தது. கீழ்ப்படியாமை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

இன்றைக்கு அதே டிப்போவில் விழா. புதுக் கிளை திறக்கிறார்கள். துணிச்சலான ஓட்டுநருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கப்போகிறார்கள். அந்த விருதுக்குக் குட்டியின் அப்பா பெயரை வைத்திருக்கிறார்கள்.

வைக்கக் காரணமும் இருந்தது. இருபத்துநான்கு வருடங்களுக்கு முன், போர் நடந்த காலத்தில், அவர் எரிபொருள் வண்டி ஓட்டினார். ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தீப்பிடித்தது. உள்ளேயும் வெளியேயுமாக இருநூறு நோயாளிகள். குதித்து ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. எரிகிற வண்டியை வெட்டவெளிவரை ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் குதித்தார். பதக்கம் கிடைத்தது. இடது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதே வண்டியில் உதவியாளாகப் போயிருந்த தார்ப்பாய்க்காரியின் தம்பி திரும்பி வரவில்லை. எதிரி போட்ட குண்டு, அந்தக் கணமே உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். அப்போது குட்டி அவள் வயிற்றில் ஏழு மாதம்.

அவர் இப்போது மார்க்கெட் எடைமேடையில் வேலை பார்க்கிறார். ஸ்டியரிங்கைத் தொட்டு வருடங்களாகின்றன. இன்று காலை, தையல் மேசையின் ஓரத்தில் இடம் பிடித்து, விழாவுக்குப் போடுகிற கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க," என்றாள் குட்டி. கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்மா."

"என்னை வெளியே தள்ளின ஆளு கையால பூச்செண்டு வாங்கப் போறீங்க."

"அவங்க கூப்பிட்டது போன மாசம். உன் விவகாரம் போன வாரம்."

"அதனால?"

அவர் கோட்டின் கையை நீவிவிட்டார். 

"கேக்கறா இல்ல, வாயைத் திறந்து சொல்லுங்க," என்றாள் தார்ப்பாய்க்காரி, இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து.

"நான் போனாத்தான் அந்த மேலாளர்கிட்ட இவளுக்காகப் பேச முடியும். மல்லுக்கு நின்னா ஆச்சா? நாலு வார்த்தை நயமா எடுத்துச் சொன்னா..."

"நயமா," என்று குட்டி சிரித்தாள். சிரிப்பில் ஒரு பொட்டு ஈரமில்லை. "அந்த ஆள் என்னை என்ன சொன்னான்னு தெரியுமா உங்களுக்கு? முப்பது டிரைவருங்க முன்னாடி. உங்க காதுக்கு வர வேணாம்னுதான் இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்தேன்."

"என்ன சொன்னான்?" அம்மாவின் கால் மிதிபலகையில் நின்றது.

"'உங்கப்பா எரியிற வண்டியையே ஓட்டினவரு. நீ சொட்டுற வண்டிக்கு நடுங்குற. அவருக்குத்தான் பொறந்தியா'ன்னான். 'பயந்தாங்கொள்ளி, போய் உங்கம்மாகூட உக்காந்து தார்ப்பாய் தை'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

  தார்ப்பாய்க்காரிக்குக் கோபம் புதிதல்ல. லாரி முதலாளிகள் முதல் ஊசி விற்கிறவன்வரை அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். ஆனால் இது வேறு. அவள் பெண்ணின் பிறப்பை, அவள் தொழிலை, ஒரே மூச்சில் ஒருவன் காலில் போட்டு மிதித்திருக்கிறான்.

கருகல் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி கோட்டின்மேல் அப்படியே நின்றது. கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கோட்டு," என்றாள்.

அவர் பெட்டியைத் தூக்கினார். உள்பக்கத் துணியில் பழுப்பாக ஒரு தடம். "அந்த வார்த்தையையா சொன்னான்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்றே தெரியவில்லை.

"எந்த வார்த்தை?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அவள் நினைத்தாள். நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தாள்.

"நானும் வரேன்," என்றாள், எழுந்து நூல் துணுக்குகளை உதறியபடி. "பூச்செண்டை நீங்க வாங்கிக்குங்க. அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை நான் கொடுக்கறேன். குட்டி, நீ பழுது எழுதின நகல் எங்க?"

மூன்று தாள்கள். கார்பன் வைத்து எழுதிய நீல எழுத்து. தேதி, வண்டி எண், 'அடிவால்வில் கசிவு, வாஷர் மாற்ற வேண்டும்.' மூன்றிலும் ஒரே வாக்கியம். மூன்றாவதில் மட்டும் அடியில் இரண்டு கோடு. தார்ப்பாய்க்காரி மூன்றையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் வா," என்று மகளைக் கூப்பிட்டாள்.

"அந்த வாசலை மிதிக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய் நல்லா கை தட்டிட்டு வாங்க," என்றாள் குட்டி. வெட்டிய துண்டைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

வழியெல்லாம் அவர் டிப்போ அனுப்பிய காரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒட்டிப்போன விரல்களை வலது கையால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

டிப்போ வளாகத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த தரைக்கு மேல் சிவப்பு விரிப்பு. வெயிலுக்குத் துணிக்கூரை. அதன் மடிப்பைத் தார்ப்பாய்க்காரி ஒரு பார்வை பார்த்தாள். ஒற்றைத் தையல், ஒரு காற்றுக்குத் தாங்காது. இதைக்கூட ஒழுங்காகச் செய்ய வக்கில்லாதவர்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டாள்.

மேடையில் ஐந்து நாற்காலிகள். ஒன்றில் தீயணைப்புத் துறை அதிகாரி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசைகளில் ஓட்டுநர்கள், புதுச் சீருடையில்.

மேலாளர் கை நீட்டிக்கொண்டே ஓடிவந்தார். சின்ன உருவம், பெரிய கைக்கடிகாரம். "ஐயா, வாங்க வாங்க. உங்களால டிப்போவுக்கே பெருமை. அம்மாவும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்."

"சந்தோஷமா இல்லையான்னு இதைப் படிச்சுட்டு சொல்லுங்க." அவள் மூன்று தாளையும் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக யாரையோ பார்த்துச் சிரித்தார். "அம்மா, இன்னிக்கு இதெல்லாம் வேண்டாமே. உங்க பொண்ணு நல்ல பொண்ணு. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க, நான் மேல பேசி முடிச்சு வெச்சுடறேன்."

"யாரு யாருக்கு எழுதணும்? தார்ப்பாய் தைக்கிறவ வயித்துல பொறந்ததுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?"

மேலாளரின் சிரிப்பு ஓர் அங்குலம் சுருங்கியது. "வேலை இடத்துல சில நேரம் ஏதாச்சும் வார்த்தை வரும். ஐயாவுக்குத் தெரியாததா? அந்தக் காலத்துல இவங்க பார்க்காததா?" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

கணவர் அங்கே இல்லை.

கொஞ்சம் தள்ளி, ரிப்பன் கட்டிய ஒரு டேங்கர் வெள்ளைப் பெயின்டில் பளபளத்துக்கொண்டு நின்றது. முதல் லோடு. அதைக் கொடியசைத்து அனுப்புவதுதான் விழாவின் கடைசி நிகழ்ச்சி. ஓட்டுவதற்கு டிப்போவின் மூத்த ஓட்டுநரை உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் அவரை மீசை என்பார்கள். காரணம் முகத்திலேயே இருந்தது. தார்ப்பாய்க்காரியின் கணவர் அந்த வண்டிக்குப் பின்னால் போய், இஸ்திரி போட்ட காற்சட்டையோடு தரையில் குந்தியிருந்தார்.

அவள் பக்கத்தில் போனாள். வண்டிக்கு அடியில் ஒரு முறம் அளவுக்குப் புது மணல் கொட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலம் கறுத்திருந்தது. அவர் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது குட்டியோட வண்டி," என்றார். "எண் பலகையைப் பாரு. பெயின்ட் அடிச்சிருக்காங்க. வால்வைத் தொடவே இல்ல."

"லோடு இருக்கா?"

"முழு லோடு."

அந்த வண்டி எந்த வழியாகப் போகும் என்று அவளுக்குத் தெரியும். மார்க்கெட், அப்புறம் இரண்டு பள்ளிக்கூடம், அப்புறம் பாலம். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவளை ஒரு தடவை பார்த்தார். திருமணமாகி இருபத்தாறு வருடங்களில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. கடன்காரன் பார்க்கிற மாதிரியும் இல்லை, கெஞ்சுகிறவன் பார்க்கிற மாதிரியும் இல்லை. கிளம்புகிறவன் பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் பதக்கத்தோடு கொடுத்த பாராட்டுரையை மேலாளர் வாசித்தார். எதிரியின் குண்டுவீச்சு, பற்றி எரிந்த வாகனம், தன்னுயிரைப் பொருட்படுத்தாத தீரம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "இப்படி ஒரு துணிச்சல் இன்னிக்கு நம்ம ஓட்டுநர்கள்கிட்ட இருக்கான்னு ஒவ்வொருத்தரும் மனசைத் தொட்டுக் கேட்டுக்கணும்," என்று முடித்து ஒலிவாங்கியை நீட்டினார்.

அவர் பூச்செண்டைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இப்ப வாசிச்ச காகிதத்துல ஒரு தப்பு இருக்கு. குண்டுன்னு போட்டிருக்கு. குண்டு எதுவும் விழல."

யாரோ இருமினார்கள். மேலாளர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் காலைல எங்க வண்டியோட அடிவால்வு ஒழுகுச்சு. அதைப் பார்த்தது நான் இல்ல. என் மச்சினன். என் சம்சாரத்தோட தம்பி. அவனுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருந்தோம். வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு எழுந்து வந்து, 'மச்சான், சூடான குழாய் மேலயே சொட்டுது, வாஷர் மாத்தாம எடுக்க வேணாம்'னான்."

தார்ப்பாய்க்காரி மேடைக்குக் கீழே நின்றிருந்தாள். கையிலிருந்த தாள்கள் நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடித்தாள்.

"மத்த வண்டிங்க கிளம்பிடுச்சு. எங்கதுதான் கடைசி. கடைசியா போறது எனக்கு அவமானமா இருந்துச்சு, அவ்வளவுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. வண்டி சரியா இருக்கான்னு அதிகாரி கேட்டார். இருக்குன்னு சொன்னது நான். இவன் மறுபடியும் வேணாம்னான். அப்ப எல்லா டிரைவரும் கேக்கற மாதிரி ஒண்ணு சொன்னேன். 'பயந்தாங்கொள்ளி, இறங்கி உங்கக்காகிட்ட போ'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் ஒண்ணும் பேசல. ஏறி உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டான்."

மேலாளர் எழுந்து வந்து ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். "ஐயா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க..."

"அவர் பேசட்டும்." டேங்கரின் ஜன்னலிலிருந்து மீசையின் குரல் வந்தது. கத்தவில்லை, கத்தத் தேவையிருக்கவில்லை. மேலாளரின் கை பின்வாங்கியது.

"ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினதும் அடியில பத்திக்கிச்சு. அவன்தான் முதல்ல குதிச்சான். ஸ்பானரை எடுத்துக்கிட்டு வால்வை அடைக்கப் போனான். அவன் மேல பத்திக்கிச்சு. நான் கண்ணாடியில பார்த்தேன். வாசல்ல வரிசையா ஸ்ட்ரெச்சர். அவனை ரோட்டுல விட்டுட்டு நான் வண்டியை எடுத்தேன். அதுக்குத்தான் பதக்கம். மறுநாள் காலைல அவன் போயிட்டான். ஒழுகற வண்டின்னு எழுதினா யார் யாரோ பதில் சொல்லணும்னு குண்டுன்னு எழுதினாங்க. கையெழுத்துப் போட்டது நான்."

அவர் ரிப்பன் கட்டிய டேங்கர் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணு அந்த மாதிரி வண்டியை எடுக்க மாட்டேன்னு சொன்னா. எனக்கு இல்லாத துணிச்சல் அவளுக்கு இருந்துச்சு. அதே வண்டிதான் இதோ, வெள்ளை அடிச்சு நிக்குது. அடியில மணல் கொட்டி வெச்சிருக்காங்க. சந்தேகமா இருந்தா போய் மோந்து பாருங்க. நான் கொடியசைக்க மாட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. மீசை வண்டியை விட்டு இறங்கினார். சிவப்பு விரிப்பின் மேலேயே நடந்து வந்து, சாவியை மேலாளர் முன்னாலிருந்த தண்ணீர்த் தம்ளர் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூன்று நாளைக்கு முன்னால் சிரித்தவர்கள்தான். இப்போது ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள்.

தார்ப்பாய்க்காரி மேடைப்படி ஏறினாள். கணவரை அணைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர்கூட ஓரடி முன்னால் வந்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள், வழியில் கிடக்கிற பெட்டியைச் சுற்றிப் போவதுபோல. தீயணைப்பு அதிகாரியின் முன்னால் நின்று மூன்று தாளையும் நீட்டினாள்.

"இது என் பொண்ணு எழுதினது. மூணு தடவை. படிச்சுட்டு அந்த வண்டி போகலாம்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. நான் பேசாம போயிடறேன்."

அதிகாரி படித்தார். மூன்றாவது தாளில் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டி நகரக் கூடாது. லோடை இறக்கணும். சுத்தி இருக்கறவங்களை வெளியே அனுப்புங்க, இப்பவே. மத்த வண்டிகளோட பழுதுப் புத்தகமும் எனக்கு வேணும்."

"சார், இது சும்மா ரெண்டு சொட்டு..." என்றார் மேலாளர்.

தார்ப்பாய்க்காரி அவர் பக்கம் திரும்பினாள். "என் தம்பிக்கும் ரெண்டு சொட்டுதான்," என்றாள்.

அதற்குமேல் அந்த ஆளிடம் அவளுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் இப்போது வேறொருவர் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

வீட்டுக்கு மூன்று மைல். காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு நடந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பத்தடி பின்னால் அவர் வந்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

முன்னூறு பேர் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று காதில் விழுந்திருக்கும். அவளுக்கு விழுந்தது இரண்டே வார்த்தை. மறுநாள் காலைல.

அந்தக் கணமே என்றல்லவா சொன்னார்கள். வலி தெரிந்திருக்காது என்று சொல்லித்தானே அவளைத் தேற்றினார்கள். யார் முதலில் சொன்னது? யோசிக்கத் தேவையே இல்லை. கையில் கட்டோடு வந்து, வாசலில் நின்று சொன்னவர் இவர்தான். அவரோட இருந்தா பத்திரமா இருப்பே என்று சொல்லித் தம்பியை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பியவள் தான்தான் என்று இருபத்துநான்கு வருடமாகத் தன்னையே அறுத்துக்கொண்டிருந்தவள் அவள். அதையும் இவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

அவள் நடை வேகமாயிற்று.

குட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தி இவர்களுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த முகம் திரும்பி வந்திருந்தது.

"மீசை போன் பண்ணாரும்மா. லோடை இறக்கிட்டாங்களாம். இன்னும் நாலு வண்டி ஒழுகுதாம். விசாரணை எனக்கில்ல, அந்த ஆளுக்குத்தானாம்." பேச்சு பாதியில் தடுமாறியது. "மாமா விஷயமும் சொன்னார். அம்மா, அப்பா எங்க?"

அவர் வந்துகொண்டிருந்தார். வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்.

குட்டிக்கு அவரைப் பார்த்ததும் கண் கலங்கியது. "அப்பா, நீங்க எனக்காக..." என்று ஓரடி வைத்தாள்.

"இரு," என்றாள் அம்மா. உள்ளே போய், படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவரைப் பார்த்தாள். டிப்போவிலிருந்து கிளம்பியபின் இப்போதுதான் பார்க்கிறாள்.

"மறுநாள் காலைலன்னு சொன்னீங்க."

அவர் தலையை அசைத்தார்.

"எத்தனை மணி நேரம் இருந்தான்?"

"பதினாறு."

"நினைவு இருந்துச்சா?"

"கடைசிவரைக்கும்."

"என்ன கேட்டான்?"

அவர் ஒட்டிய விரல்களைத் தேய்த்தார். "தண்ணி கேட்டான். என்கூட ஒரு வார்த்தை பேசல. நர்ஸ்கிட்டதான் சொன்னான். அக்காவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்கன்னு. திரும்பத் திரும்ப அது ஒண்ணுதான்."

"வண்டி கிடைக்கலையா?"

"கிடைச்சுது." குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "அதிகாரி ஜீப் கொடுத்தார். டிரைவரையும் கொடுத்தார். ஒன்றரை மணி நேரப் பாதை. நான்தான் அனுப்பல."

"ஏன்?"

"நீ வந்தா அவன் சொல்லிடுவான். காலைல நான் என்ன சொன்னேன்னு. எனக்குப் பயமா இருந்துச்சு."

தார்ப்பாய்க்காரிக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகமிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கை கோணலாக வந்துவிட்டது; தம்பி வந்ததும் கேலி செய்வான் என்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள். விளக்கு வைத்து, சாப்பிட்டு, தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள். ஒன்றரை மணி நேரத் தொலைவில் அவன் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அவன் கடைசியில் என்ன நினைத்திருப்பான்? சொல்லி அனுப்பியும் அக்கா வரவில்லை என்றுதானே.

அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தவும் தோன்றவில்லை. கோபம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"அந்த நர்ஸ் இருக்காளா?"

அவர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்று முகமே சொன்னது. "இருக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குக் கடுதாசி போடுவா. நான் பிரிக்கிறதில்ல."

"எத்தனை?"

"எல்லாத்தையும் எடைமேடை அலமாரியில வெச்சிருக்கேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். குட்டி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் இருந்த ஈரம் அப்படியே நின்றிருந்தது, எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல்.

தார்ப்பாய்க்காரி கையை நீட்டினாள். "அலமாரிச் சாவி."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து, படியைத் தாண்டாமல், எட்டிக் கொடுத்தார்.

"குட்டி," என்றாள் அவள், சாவியை மூடிப் பிடித்தபடி. "கதவைச் சாத்து."

மகள் கதவின் மேல் கையை வைத்தாள். அப்பா நகரவில்லை, உள்ளே வரவும் கேட்கவில்லை.

குட்டியின் கை கதவிலேயே இருந்தது. அம்மா காத்துக்கொண்டு நின்றாள்.